அவரா அப்படிச் செய்வார்?



கடைசி இராப்போஜனப் பந்தியில் நடந்த ஒரு சிறு காரியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தம்மைக் காட்டிக்கொடுப்பவன் அங்கேயே இருக்கிறான் என்று சேசுநாதர் சொன்னபோது, அப்போஸ்தலர்களில் எவரும் யூதாஸைச் சுட்டிக்காட்டியதாகச் சுவிசேஷத்தில் இல்லை. நானாக இருக்குமோ என்று ஒவ்வொருவரும் தம்மையே குறித்துக் கேட்டார்கள். பிறகு யூதாஸ் இரவு வேளையில் எழுந்து வெளியே போனான். பணப்பை அவன் வசம் இருந்தபடியால், திருநாளுக்கு வேண்டியதை வாங்கவோ ஏழைகளுக்குத் தர்மம் கொடுக்கவோ போகிறான் என்று சிலர் எண்ணிக்கொண்டார்கள் என அர்ச். அருளப்பர் எழுதி வைத்திருக்கிறார். காட்டிக்கொடுக்கப் போகிறவனைப் பார்த்து, தர்மம் செய்யப் போகிறான் என்று நினைத்தார்களாம்! அவர்கள் மூடர்கள் அல்ல. கூடவே உண்டு உறங்கியவன், பணத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவன், அவனை வேறெப்படி நினைப்பார்கள்?

நல்ல பெயர் குற்றத்தை மறைக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. கண்முன் தெரிகிற அடையாளத்தையே புண்ணியமாக மாற்றிக் காட்டும் வல்லமை அதற்கு உண்டு. நம் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம், கேளுங்கள்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே ஹைட் என்றோர் ஊர். ஹரால்ட் ஷிப்மன் என்ற வைத்தியர் 1977 முதல் அங்கே தொழில் செய்தார். கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார். வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசுவார். அவரைப்போல் ஒரு டாக்டர் கிடையாது என்பது ஊர்ப் பேச்சு. அந்த மனிதர்தாம் டயாமார்பின் என்ற வலி நீக்கும் மருந்தை அளவுக்கு மிஞ்சி ஊசியில் ஏற்றி, தம் நோயாளிகளைக் கொன்றுவந்தார். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002-ல் வெளியான அரசாங்க விசாரணை அறிக்கை கண்டது. பெரும்பாலோர் வயதான பெண்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் இது எப்படி வெளிவராமல் இருந்தது? அடையாளங்கள் இல்லாமல் இல்லை. பல பெண்கள் பட்டப்பகலில், உடுத்திய உடையோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தார்கள். சற்று முன்புதான் வைத்தியர் வந்து போயிருப்பார், அல்லது அப்போதே பக்கத்தில் இருந்திருப்பார். வேறொருவர் விஷயத்தில் இதுவே கேள்வியை எழுப்பியிருக்கும். இவர் விஷயத்திலோ பதில் தயாராக இருந்தது: தனியாகக் கிடக்கிற கிழவிகளை வீடு தேடி வந்து பார்க்கிறவர் இவர்தானே, சாகும்போது அருகில் இருந்ததில் ஆச்சரியமென்ன என்று. அந்த ஊர் டாக்சி ஓட்டுநர் ஒருவர், தம் வண்டியில் வழக்கமாக ஏறும் மூதாட்டிகள் ஒருவர்பின் ஒருவராக இறப்பதையும், எல்லாரும் ஒரே வைத்தியரிடம் போனவர்கள் என்பதையும் கண்டு பெயர்களைக் குறித்து வைத்தார். ஆனால் அப்பேர்ப்பட்ட டாக்டரைப் பற்றித் தாம் சொன்னால் யார் நம்புவார்கள் என்று வெகுகாலம் வாய் திறக்கவில்லை.

1998 மார்ச்சில் அவ்வூர்ப் பெண் வைத்தியர் ஒருவர் துணிந்து, மரணங்களை விசாரிக்கும் அதிகாரியிடம் முறையிட்டார். போலீசார் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஏப்ரலில் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். 1976-ல் இதே மனிதர் பொய் மருந்துச் சீட்டு எழுதிப் போதை மருந்து எடுத்ததற்காகக் கோர்ட்டில் அபராதம் கட்டியவர் என்பதை அவர்கள் தேடிப் பார்க்கவே இல்லை. அதற்குப்பின் இன்னும் மூவர் மாண்டார்கள்.

கடைசியில் பிடிபட்டது ஒரு காகிதத்தால். அந்த வருஷம் ஜூன் மாதம் 81 வயதான ஒரு பெண்மணி இறந்தார். ஆஸ்தியெல்லாம் வைத்தியருக்கே என்று டைப் அடித்த உயில் ஒன்று வந்து சேர்ந்தது. அவருடைய மகள் சட்டம் தெரிந்தவர். வைத்தியர் நல்லவரா கெட்டவரா என்ற வாதத்தில் அவர் இறங்கவில்லை. இது அம்மா எழுதுவித்த காகிதந்தானா என்று மட்டும் விசாரித்தார். புதைத்த உடல் தோண்டி எடுக்கப்பட்டது. உள்ளே மருந்து இருந்தது. உயிலை அடித்த டைப்ரைட்டரோ வைத்தியருடையது!

தானியேல் ஆகமத்தில் வரும் சூசன்னாளின் சரித்திரத்தை ஞானோபதேச வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அங்கே நற்பெயர் கேடயமாக நின்றதோடு வாளாகவும் ஆயிற்று. பொய் சொன்ன இருவரும் சனங்களின் மூப்பர்கள், நியாயாதிபதிகள். ஆகையால் சபையார் அவர்களை நம்பி, ஒரு குற்றமுமறியாத பெண்ணைச் சாவுக்குத் தீர்த்தார்கள். வாலிபனான தானியேல் செய்ததைப் பாருங்கள். அவர்களுடைய யோக்கியதையைப் பற்றிச் சபையாரோடு அவன் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று ஒரே கேள்வியைக் கேட்டான். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொன்றைச் சொன்னார். தீர்ந்தது வழக்கு.

இங்கே உங்களில் சிலர், பிறரைச் சந்தேகிப்பது பாவமல்லவா, எட்டாம் கற்பனை என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தகுந்த ஆதாரமில்லாமல் ஒருவன் குற்றவாளி என்று மனதில் தீர்மானிப்பது பாவந்தான். அதைத் திண்ணையில் உட்கார்ந்து பரப்புவது அதிலும் கேடு. ஆனால் கேட்கவேண்டிய இடத்தில், கேட்கவேண்டியவரிடம் விசாரிப்பது தீர்மானம் அல்ல. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். விசாரணைக்கு வாயை மூடிக்கொள்கிறோம், புறணிக்குத் திறக்கிறோம்!

நம் திருச்சபையும் இதற்கு விலக்காக இருக்கவில்லை என்பதை மறைப்பது சரியல்ல. மெக்சிக்கோவில் 1941-ல் ஒரு துறவற சபையை ஸ்தாபித்த மார்சியால் மாசியேல் என்ற குருவை, அநேக இளைஞரைக் குருத்துவத்துக்குக் கொண்டுவந்த பெரிய மனிதர் என்று கொண்டாடினார்கள். சிறுவயதில் அவரால் கெடுக்கப்பட்டோம் என்று அச்சபையின் பழைய அங்கத்தினர் சிலர் 1997-ல் பகிரங்கமாகச் சொன்னபோது, அவதூறு என்று தள்ளப்பட்டார்கள். 2006-ல்தான் ரோமாபுரி அவரைப் பொது ஊழியத்தினின்று விலக்கியது. 2010-ல் அவருடைய குற்றங்களை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2019-ல் பிரான்சிஸ் பாப்பரசர் பிறப்பித்த சட்டத்தின்படி, இப்படிப்பட்ட குற்றத்தை அறிந்த குருக்களும் துறவியரும் மேலதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்டெம்பர் முதல், விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் சம்பந்தமில்லாத இன்னொரு வைத்தியர் பரிசோதித்தாக வேண்டும். உத்தமமான வைத்தியரின் கையெழுத்துக்கும் இதே விதிதான். கோயில் உண்டியலை இருவராக எண்ணுவதும், வருஷக் கணக்கை வேறொருவர் தணிக்கை செய்வதும் இந்த வகையைச் சேர்ந்தவை. பொருளாளர் தங்கமானவர் என்பதற்காக அதை விட்டுவிட்டால், நாளை ஒரு ரூபாய் குறைந்தாலும் அவருக்குத்தான் தலைகுனிவு.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஒருநாள் வந்து ஒரு மாமாவைப் பற்றியோ, வாத்தியாரைப் பற்றியோ, சுவாமியாரைப் பற்றியோ ஏதோ சொல்லத் தடுமாறும். "சீச்சி, அவரா? வாயை மூடு!" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டாம் முறை அது சொல்லாது. அடுப்பு வேலையை அப்படியே விட்டு உட்கார்ந்து, முழுவதையும் சொல்லவிடுங்கள். குழந்தைகளைப் பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின்படி, இத்தகைய குற்றம் நடந்ததாக அறிகிற எவரும் போலீசில் தெரிவித்தாக வேண்டும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கு வராது. குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி எண் 1098. கோயில் அறிவிப்புப் பலகையிலும், வீட்டில் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்திலும் அதை எழுதி வையுங்கள்.