துயர்க் காலமும் பள்ளிப் பிள்ளைகளும்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருமழை பெய்தது. ஒரு மாதத்திற்குரிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தனர். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளம் வடிந்தபின் வீடுகளைக் கழுவினோம். பிள்ளைகளின் மனத்தில் படிந்த அச்சத்தை எண்ணிப் பார்த்தோமா?

மாலை வேளையில் நான் நடத்திய இலவச வகுப்பிற்கு நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வருவான். வானம் இருண்டதும் புத்தகங்களைப் பைக்குள் திணித்து, பையை மார்போடு அணைத்துக்கொள்வான். கவனமில்லாதவன் என்று நான் பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் அருகில் அமர்ந்து கேட்டபோதுதான், முன்பிருந்த புத்தகங்கள் அனைத்தும் வெள்ளத்தில் போயின என்றான். அன்று முதல் அவன் பையை உயரமான அலமாரியில் வைக்க இடம் கொடுத்தேன். சில வாரங்களில் மழையிலும் பாடம் எழுதத் தொடங்கினான்.

உறக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், காரணமற்ற வயிற்றுவலி, தாயைவிட்டு அகல மறுத்தல், திடீர்ச் சினம் ஆகியவை இத்தகைய பிள்ளைகளிடம் காணப்படலாம். இவற்றைக் குறும்பென்று தண்டித்தல் தவறு.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கவை:

1. நடந்ததை வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையாகச் சொல்லுங்கள். ‘இனி வெள்ளமே வராது’ என்று பொய் வாக்குக் கொடுக்காதீர்கள். வந்தால் எங்கே செல்வோம், யார் அழைத்துச் செல்வார் என்பதைச் சொல்லுங்கள்.

2. பேசும்படி வற்புறுத்தாதீர்கள். வரையவும் விளையாடவும் விடுங்கள். பேச வரும்போது பொறுமையாகக் கேளுங்கள்.

3. உணவு, படிப்பு, உறக்கம் ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் நடத்துங்கள். ஒழுங்கு பிள்ளைக்குத் துணிவு தரும்.

4. பேரிடர்க் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் மீண்டும் மீண்டும் காட்டாதீர்கள்.

5. ஒரு மாதத்திற்கு மேலும் அச்சம் நீங்காவிடில் பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அரசாங்க சுகாதார நிலையத்தையோ நாடுங்கள். 15999 என்ற ‘தாலியான் காசிஹ்’ எண்ணிலும் உதவி கேட்கலாம்.

பாதிப்புறாத மாணவர்களுக்கும் பாடம் உண்டு. கிள்ளான் ஆற்றின் போக்கை வரைபடத்தில் காட்டி, தாழ்வான இடங்களில் நீர் தேங்கும் காரணத்தை விளக்கலாம். அவ்வெள்ளத்தின்போது பெட்டாலிங் ஜெயா சீக்கியர் கோயிலில் தொண்டர்கள் திரண்டு, இனம் பாராது அனைவருக்கும் உணவு சமைத்து அனுப்பியதையும் எடுத்துரைக்க வேண்டும். துன்பத்தை மட்டும் கேட்கும் பிள்ளை அஞ்சும். உதவியவர்களைப் பற்றியும் கேட்கும் பிள்ளை தானும் உதவ முன்வரும். பாடக் குறிப்புகளைப் படியெடுத்துத் தருதல் ஒரு சிறுவனாலும் இயலும் உதவியே.

நம் தோட்ட மக்களுக்கு இத்தகைய துயர் புதிதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் பலர். தந்தையை இழந்த பிள்ளைகளை அண்டை வீட்டார் அணைத்து வளர்த்த கதையை இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம்.

பெற்றோர்களே! ஆசிரியர்களே! அடுத்த முறை மழை இருட்டும்போது, பையை அணைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று உங்கள் அருகில் உண்டா என்று பாருங்கள். கடிந்துகொள்ளுமுன் காரணத்தைக் கேளுங்கள்.