சாட்டிலைட்டோடு பேசுகிறதாம்!

“சார், போன்ல இருக்கிறது டவர்ல ஓடுற ஜி.பி.எஸ். மலை ஏறினா செத்துடும். இது டைரக்டா சாட்டிலைட்டோட பேசும் சார்.”

கார் சாமான் விற்கும் கடைகளில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. விற்பவரை விட்டுவிடலாம், அவருக்கு அது பிழைப்பு. அதை நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அதே பாடத்தை எடுக்கும் படித்த மனிதர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. நில அளவைத் தொழிலில் ஜி.பி.எஸ். கருவியை முக்காலியில் ஏற்றி இறக்கியே தலை நரைத்தவன் நான். அது ஊருக்குத் தெரியும் என்பதால், எந்த விசேஷத்துக்குப் போனாலும் “அண்ணே, டவர் இல்லாத பக்கம் போறோம், எந்த ஜி.பி.எஸ். வாங்கலாம்?” என்று யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கேள்வியே கோணல்.

கார் கண்ணாடியில் ஒட்டும் எந்த வழிகாட்டிக் கருவியும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளோடு பேசுவதில்லை. மலிவான கருவியும் பேசாது, விலை உயர்ந்த போனும் பேசாது. நாங்கள் பயன்படுத்தும் லட்ச ரூபாய் அளவைக் கருவிகூடப் பேசாது. எல்லாவற்றுக்கும் காதுதான் உண்டு, வாய் கிடையாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும் தான் யார், தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன என்ற மூன்றையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கோயில் மணி அடிக்கிறது. அது யார் யார் காதில் விழுந்தது என்று மணிக்குத் தெரியுமா? அந்தக் கோளுக்கும் உங்கள் காரைத் தெரியாது, உங்கள் ஊரைத் தெரியாது, நீங்கள் போகும் சாலை என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

கணக்கெல்லாம் கருவிக்குள்தான் நடக்கிறது. கோள் புறப்படவிட்ட சமிக்ஞை தரைக்கு வந்துசேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும். இப்படி நான்கு கோள்களின் தூரம் கிடைத்தால் போதும். மூன்று நம் இடத்தையும் உயரத்தையும் சொல்லிவிடும். நான்காவது எதற்கென்றால், கோளில் இருப்பது அணுக் கடிகாரம், நம் கருவியில் இருப்பது சாதாரணக் கடிகாரம். அந்தப் பிழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாக வேண்டும். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் தவறும். இந்தக் கணக்கில் செல்போன் டவர் எங்கே வந்தது? காட்டுங்கள், பார்ப்போம்.

எங்கள் தொழிலில் மலை முகட்டிலும் பாறை உச்சியிலும் அளவைக்கு அடிப்படையான கட்டுப்பாட்டுப் புள்ளி நிறுவுவோம். டவர் ஒன்றுகூட எட்டாத இடங்கள் அவை. வானம் திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். சொல்லப்போனால், டவரின் அடியில் நின்று அளப்பதை முடிந்தவரை தவிர்ப்போம். எங்களுக்கும் சில வேலைகளுக்கு சிம் கார்டு தேவைப்படுவது உண்மை. ஆனால் அது ஓரிரு சென்டிமீட்டர் துல்லியத்துக்கான திருத்தத் தகவலை வாங்க. வரப்புத் தகராறுக்கு அந்தத் துல்லியம் வேண்டும். வால்பாறைக்கு வழி கேட்பவருக்கு எதற்கு?

“அப்படியானால் கொல்லிமலையில் என் போன் ஏன் நின்றது?” என்பார்கள். நிற்கவில்லை ஐயா, நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது திரையை உற்றுப் பார்த்திருந்தால், வெறும் சாம்பல் நிறக் கட்டங்களின் மேல் நீலப் புள்ளி ஒன்று வளைந்து வளைந்து நகர்ந்துகொண்டிருந்திருக்கும். அந்தப் புள்ளிதான் ஜி.பி.எஸ். அது உயிரோடுதான் இருந்தது. காணாமல் போனது வரைபடம். போனில் உள்ள செயலி வழக்கமாக வரைபடத்தைத் துண்டு துண்டாக இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே போகும். டவர் போனதும் துண்டு வருவது நின்றுவிட்டது. கிளம்புமுன் வீட்டு வைஃபையில் நாமக்கல் மாவட்ட வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் தீர்ந்தது. கடைக்காரர் காட்டும் கருவி மலையில் “வேலை செய்வதற்கு” அதுவே காரணம். அதன் வயிற்றில் வரைபடம் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கிறது. வானத்தோடு தனிச் சிநேகம் ஒன்றும் அதற்குக் கிடையாது.

நம்பிக்கை இல்லையா? வரைபடத்தை இறக்கி வைத்துவிட்டு, போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, சிம் கார்டையும் கழற்றிவிட்டு, ஊரைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பாருங்கள். இந்தச் சோதனைக்குப் பெட்ரோல் தவிரச் செலவில்லை. ஆனாலும் யாரும் செய்யமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்பி வைப்பதுதான் சுலபம்.

டவர் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். இல்லை என்ற இந்த வதந்திக்கு இரண்டு வேர்கள் இருக்கின்றன. ஒன்று, ஜி.பி.எஸ். கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகிறது. இந்தக் காலத்தில் அந்த வேகத்தைக் கற்பனை செய்யவே சிரமம். ஒரு கோளின் விவரத்தை முழுசாகக் கேட்டு முடிக்க அரை நிமிடம், எல்லாக் கோள்களின் பொது அட்டவணையையும் கேட்க பன்னிரண்டரை நிமிடம். டவர் இருந்தால் இதே விவரத்தைப் போன் இணையம் வழியாகக் கண்மூடித் திறப்பதற்குள் வாங்கிக்கொள்ளும். ஆகவே டவர் இல்லாத இடத்தில் முதல் முறை இடம் பிடிக்கச் சற்று நேரமாகும். திறந்தவெளியில் அசையாமல் கொஞ்சம் பொறுத்தால் பிடித்துவிடும். பத்து நொடி பார்த்துவிட்டு “செத்துப்போச்சு” என்று முடிவு கட்டுவது நம் அவசரம்.

இரண்டாவது வேர் பலருக்குத் தெரியாது. டேப்லெட்டுகளில் சிம் போடும் வகை, வைஃபை மட்டும் உள்ள வகை என்று இரண்டு வரும். ஐபேடை எடுத்துக்கொண்டால், வைஃபை மட்டும் உள்ளதில் ஜி.பி.எஸ். சில்லே இருக்காது, வேறு சில தயாரிப்புகளிலும் அப்படித்தான். சிம் பகுதியோடு சேர்த்துத்தான் அந்தச் சில்லையும் வைக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு “சிம் இருந்தால்தான் ஜி.பி.எஸ்.” என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சிம் உள்ள வகையை வாங்கி, சிம்மே போடாமல் ஓட்டினாலும் அது இடம் காட்டும். பெரிய திரை வேண்டும் என்று பழைய டேப்லெட் தேடுபவர்கள் இதை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

ஆக, வானத்திலிருந்து வருவது இலவசம். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியது. நூறு மீட்டர்வரை தவறும். அதை நிறுத்திய பிறகு எல்லோருக்கும் சில மீட்டர் துல்லியம் கிடைக்கிறது, கருவியின் விலை எதுவானாலும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வரைபடத்தை. அது எப்போது வரைந்தது, யார் வரைந்தது, எப்படிப் புதுப்பிப்பார்கள்? இந்த மூன்றைக் கேட்காமல் திரை எத்தனை அங்குலம், எத்தனை சாட்டிலைட் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“சாட்டிலைட்டே காட்டுது, தப்பா இருக்குமா?” என்ற நினைப்பு ஆளைக் கொல்லும். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு கார் வரைபடச் செயலியை நம்பிப் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றது. அது சிரிப்புச் செய்தியாக முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றின் மேல் பாதியில் நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டிலும் வண்டி நின்ற இடத்தை ஜி.பி.எஸ். சரியாகத்தான் சொல்லியிருக்கும். அந்த இடத்தில் படி இருக்கிறது, பாலம் இல்லை என்பது வரைபடத்துக்குத் தெரியவில்லை. கோளுக்கோ எப்போதுமே தெரியாது.

வரைபடத்தின் வயதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் என்று தேடச் சொல்லுங்கள். அது 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. வந்தால், திருச்சி பஞ்சப்பூர் முனையத்தைத் தேடச் சொல்லுங்கள், அது 2025. சேலத்திலிருந்து மதுரை போகும் சாலையில் 44 என்ற எண் இல்லாமல் இன்னும் 7 மட்டும் இருந்தால், 2010-லேயே அறிவித்த எண் மாற்றத்தைக்கூடச் சேர்க்காத படம் அது. கருவியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மற்றப் புரளிகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். மேகம் வந்தால் ஜி.பி.எஸ். வராது என்பது பொய்; மழையிலும் வரும். மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பது வேறு கருவியோடு வந்த குழப்பம். வண்டி எங்கே போகிறது என்று உரிமையாளருக்குச் சொல்லும் டிராக்கர் வேறு, வழிகாட்டும் கருவி வேறு. டிராக்கருக்குத்தான் சிம்மும் சந்தாவும். இணையக் கடையில் ‘கார் ஜி.பி.எஸ்.’ என்று மட்டும் தேடி, விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கினால், திரையே இல்லாத ஒரு கறுப்பு டப்பா வந்து சேரும்.

‘நாவிக்’ என்று எழுதியிருந்தால் தனித் துல்லியம் என்கிறார்கள். அது இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு, பெருமைதான். ஆனால் அதன் கோள்கள் சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02 உரிய பாதைக்குப் போய்ச் சேரவில்லை. இன்றைய சில்லுகள் அமெரிக்க, ரஷ்ய, ஐரோப்பிய, சீனக் கோள்களையும் கலந்து கேட்பவை. நாவிக் இருந்தால் நல்லது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

‘ஆயுள் முழுதும் இலவச வரைபடம்’ என்றால் உங்கள் ஆயுள் அல்ல. அந்த மாடலை நிறுவனம் கைவிடும்வரைதான். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த பழைய கருவியில் துபாய்தான் இருக்கும். அதோடு, ஜி.பி.எஸ்.ஸின் வார எண்ணிக்கை 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில தேதியில் குழம்பிப்போயின. இனாமாக வந்தாலும் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஜி.பி.எஸ். உண்மையிலேயே தோற்கும் இடங்கள் உண்டு. அவற்றை யாரும் கேட்பதில்லை. பாலக்காடு தாண்டிக் குதிரான் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தால் வானம் இல்லை, சமிக்ஞையும் இல்லை. உயரக் கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் மோதித் திரும்பி வந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா, அடியில் போகிறீர்களா என்று பல கருவிகளுக்குப் புரியாது. சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் இது நாள்தோறும் நடக்கிறது. 1802-ல் லாம்ப்டன் என்ற நில அளவையாளர் சங்கிலி வைத்து அடிக்கோடு அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய பரங்கிமலை அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மலையடிவாரத்தில் வண்டி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கருவி திணறுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

எதைத்தான் வாங்குவது என்கிறீர்களா? பெரும்பாலோருக்கு எதையும் வாங்க வேண்டாம். அலமாரியில் தூங்கும் பழைய போன், மேலே ஒரு பிடிமானம், கார் சார்ஜர், இணையமின்றி ஓடும் ஒரு வரைபடச் செயலி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் அடிப்படையில் அத்தகைய செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நெரிசல் விவரம் மட்டும் இணையம் இல்லாமல் வராது. பெரும்பாலான தனிக் கருவிகளுக்கும் அது பொருந்தும். ஓட்டும்போது போன் அழைப்பு வந்து திரையை மறைப்பது பிடிக்கவில்லை, வெயிலில் போன் கொதிக்கிறது என்பவர்கள் தனிக் கருவி வாங்கட்டும். சித்திரை வெயிலில் அதையும் டேஷ்போர்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், பேட்டரி உப்பிவிடும். கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் சமிக்ஞை குறையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் பெயரை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை பள்ளிப்பட்டி! வட்டத்தின் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ சேர்த்துப் போடுங்கள். பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை இருக்கிறது. பழைய கருவி இதையெல்லாம் சொல்லாமல் உங்களைச் சோதனைச் சாவடி வரை கூட்டிப்போய் நிறுத்தும்.

இத்தனைக்கும் மேலாக, சாலையோரத்தில் பேட்டரி இல்லாத, சந்தா இல்லாத ஒரு கருவி நட்டு வைத்திருக்கிறார்களே, அதை ஏன் யாரும் படிப்பதில்லை? கிலோமீட்டர் கல்லைச் சொல்கிறேன். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. திரை ‘நேராகச் செல்லவும்’ என்று சொல்லும்போது கல்லின் தலை பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறினால், நீங்கள் கிராமச் சாலைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று பொருள். திரும்பிவிடலாம். பின்சீட்டில் போனை நோண்டிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால், கருவியை யார் சரிபார்ப்பது என்ற கவலை விட்டது.

ஆனால் கற்களைத்தான் வாழவிட மாட்டேன் என்கிறார்களே! பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்கிறது, கல் புதைகிறது. ஊர்ப் பெயர் மண்ணுக்குள் போய்த் தலை மட்டும் வெளியே தெரிகிறது. அகலப்படுத்தும்போது பிடுங்கிய கல்லைத் திரும்ப நடுவதில்லை. மிச்சம் நிற்பதன் மேல் காதுகுத்துச் சுவரொட்டி. உங்கள் ஊர் எல்லையில் புதைந்து கிடக்கும் கற்களை எண்ணி, அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். சுவரொட்டி உங்கள் வீட்டு விசேஷத்துடையது என்றால் முதலில் போய் அதைக் கிழியுங்கள்.