வரிசையில் நின்ற குடியரசுத் தலைவர்

வாஷி ரயில் நிலையத்தில் லோக்கல் ரயில் ஏறுங்கள். வண்டி செம்பூர், குர்லா வழியாகப் போகும். கடைசி நிலையம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். வி.டி. என்பது அதன் பழைய பெயர். வெளியே வந்தால் எதிரில் ஒரு பழைய, பெரிய கட்டடம் தெரியும். அது 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' பத்திரிகையின் கட்டடம்.

1940களில் அந்தப் பத்திரிகையில் ஓர் இளைஞர் சில காலம் வேலை பார்த்தார். 1945 ஏப்ரலில் அவர் காந்தியடிகளைப் பேட்டி கண்டார். பின்னாளில் அவரே இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார். அவர் பெயர் கே.ஆர். நாராயணன்.

கேரளத்தில் உழவூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. நாராயணன் அங்கே பிறந்தார். பள்ளிப் பதிவில் உள்ள பிறந்த நாள் 1920 அக்டோபர் 27. அப்பா நாட்டு வைத்தியர். வீட்டில் ஏழு பிள்ளைகள். கடுமையான வறுமை. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்த குடும்பம்.

பள்ளிக்கூடம் தூரம். வயல் வரப்பில் தினமும் சுமார் 15 கிலோமீட்டர் நடந்து படித்தார். பல நேரம் பள்ளிக் கட்டணம் கட்டப் பணம் இருக்காது. அப்போது அவரை வகுப்புக்குள் விட மாட்டார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. வெளியே நின்றபடியே பாடத்தைக் கேட்டார்.

புத்தகம் வாங்கவும் பணம் இல்லை. அவருடைய அண்ணனுக்கு ஆஸ்துமா. வீட்டிலேயே இருந்தார். அண்ணன் மற்ற மாணவர்களின் புத்தகங்களை இரவல் வாங்கினார். பாடங்களைக் கையால் எழுதித் தம்பிக்குக் கொடுத்தார். அந்த எழுத்தைப் படித்துத் தம்பி முன்னேறினார்.

1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் மாணவராகத் தேறினார். மேல்படிப்புக்கு லண்டன் போக ஆசை. கையில் பணம் இல்லை. பம்பாயில் இருந்த தொழிலதிபர் ஜே.ஆர்.டி. டாட்டா உதவினார். லண்டனில் படித்து 1948இல் நாடு திரும்பினார். 1949இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். சீனாவிலும் அமெரிக்காவிலும் இந்தியத் தூதராக இருந்தார்.

1984இல் கேரளத்தின் ஒற்றப்பாலம் தொகுதியில் தேர்தலில் நின்று வென்றார். 1992இல் குடியரசுத் துணைத் தலைவர் ஆனார். 1997 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். தலித் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை.

அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அமைச்சரவை அவருக்கு ஒரு பரிந்துரை அனுப்பியது. உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வேண்டும் என்று அதில் இருந்தது. மேலே இருந்து வந்த தாள்தானே என்று அவர் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. படித்தார். யோசித்தார். மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அந்த முடிவைக் கைவிட்டது.

1998 பிப்ரவரியில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அதுவரை எந்தக் குடியரசுத் தலைவரும் பதவியில் இருக்கும்போது பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டதில்லை. நாராயணன் வாக்குச் சாவடிக்கு வந்தார். மக்களோடு வரிசையில் நின்றார். தம் முறை வந்ததும் ஓட்டுப் போட்டார்.

சிறு வயதில் அவர் வகுப்புக்கு வெளியே நின்றார். அப்போது அவர் மட்டும் தனியே நின்றார். வாக்குச் சாவடியில் எல்லோருடனும் சேர்ந்து நின்றார். அந்த வரிசையில் பெரியவர் சிறியவர் கிடையாது. அவருக்கும் ஓர் ஓட்டுத்தான். நமக்கும் ஓர் ஓட்டுத்தான்.

2002 வரை அவர் பதவியில் இருந்தார். 2005 நவம்பர் 9 அன்று காலமானார்.

பேசிப் பாருங்கள்

1. புத்தகம் வாங்க முடியாத தம்பிக்கு அண்ணன் எப்படி உதவினார்?
2. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்?
3. உங்கள் வீட்டில் எல்லோருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? நீங்களே படித்துப் பாருங்கள்.