விலகி நிற்பவரிடம் காரணம் கேட்காதே

கிழக்குத் தாம்பரம்
ஆடி 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ போனில் கேட்டதற்கு அப்போதே ஏதாவது சொல்லியிருப்பேன். நீ ஆபீஸ் வேனில் இருந்தாய், உன் பக்கத்தில் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இது அரைகுறையாகக் காதில் விழ வேண்டிய விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

செக்ரட்டரி ஆன முதல் வருஷமே பிள்ளையார் சதுர்த்தி உன் தலையில் விடிந்திருக்கிறது. மெயின்டனன்ஸ் பணத்திலிருந்து எடுத்துக் கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டுப் பெரிய பிள்ளையார் வைக்கலாம் என்று கமிட்டியில் சொல்கிறார்கள். இரண்டாவது மாடி பாய் வீட்டில், தங்கள் பங்கை அதில் சேர்க்க வேண்டாம் என்று மரியாதையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நாலு பேர் “காசா பெரிசு, மனசுதான் பெரிசு” என்று குதிக்கிறார்கள். காசு பெரிசில்லை என்றால் அவர்கள் காசை ஏன் விட மாட்டேன் என்கிறார்கள் என்று நீ கேட்டிருக்கலாம். கேட்காததும் நல்லதுதான்.

பணத்தில் தயங்காதே. லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் என்று வாங்கின பணத்தை யாரும் கட்டாமல் இருக்க முடியாது. அப்படிப்பட்ட பணத்தில் சாமி கும்பிடக் கூடாது. எந்த ஒரு மதத்தையும் வளர்ப்பதற்கென்று ஒதுக்குகிற வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனம் 27ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அது அரசாங்கத்துக்கு, நமக்கில்லை என்று உங்கள் பொருளாளர் சொல்வார். சட்டப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். மூன்றாவது மாடியில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர் காசும் அதில்தானே இருக்கிறது? அவர் இந்துப் பெயர் வைத்திருப்பதால் யாரும் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

தனியாக வசூல் செய்யுங்கள். ஆனால் வசூலிலும் ஒரு வகை இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நின்று, “உங்க இஷ்டம் சார்” என்றால் அது இஷ்டமாகாது. கொடுத்தவர்கள் பேரையும் தொகையையும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவது அதைவிட மோசம். அந்தத் தாளில் இல்லாத பேரைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். ஒரு எண்ணைக் கொடு, விரும்புகிறவர்கள் அனுப்பட்டும். கணக்கைக் கொடுத்தவர்களுக்கு மட்டும் காட்டு.

இப்போது உன் நிஜமான கேள்விக்கு வருகிறேன். “நாம் அன்பாகத்தானே கூப்பிடுகிறோம், அவர்களுக்கு ஏன் சங்கடம்?” என்றாய். இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. வேலை பார்த்த காலமெல்லாம் கிறிஸ்தவ நிர்வாகத்தில் இருந்தவள் நான். தாம்பரம் பக்கத்தில் நம்மைப் போன்ற குடும்பங்களில் பாதிக்கு இது பழக்கம்தான், அவர்கள் பள்ளி, அவர்கள் கல்லூரி, அவர்கள் ஆஸ்பத்திரி. வெளியே தெருவில் நாம் பெரும்பான்மை, கேட்டுக்குள் போனால் சிறுபான்மை. காலை அசெம்பிளியில் ஜெபம் நடக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், கண்ணை மூட மாட்டேன், ஆமென் சொல்ல மாட்டேன். என் தலைமையாசிரியை ஒரு நாளும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. கிறிஸ்துமஸ் விழாவுக்கு அழைப்பு மற்ற எல்லோருக்கும் வருவதுபோல எனக்கும் வரும். போனால் கேக், போகாவிட்டால் மறுநாள் ஸ்டாஃப் ரூம் மேஜையில் கேக். அந்த அம்மாளை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

வேறொரு பள்ளியில், பேர் எதற்கு, மருதாணி வைத்துக்கொண்டு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையை வராந்தாவில் நிற்க வைத்திருந்ததைப் பார்த்தேன். பூ வைக்கக் கூடாது, பொட்டு சின்னதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. ஒழுங்கு என்றார்கள். வழிபாட்டுக்காவது சட்டம் இருக்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற பள்ளியில் சம்மதமில்லாமல் யாரையும் வழிபாட்டில் சேர்க்கக் கூடாது, சிறு பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 28ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் எந்த அப்பா வந்து கேட்பார்? சீட் கிடைத்ததே பெரிசு என்று இருப்பார்.

ராதாகிருஷ்ணன் நம்ம கிறிஸ்தவக் கல்லூரி மாணவர் என்று உனக்குத் தெரியும். கல்லூரி 1937இல்தான் தாம்பரத்துக்கு வந்தது, அவர் படித்தது அதற்கு முன்னால், ஜார்ஜ் டவுனில். அங்கே மிஷனரிகள் இந்து மதத்தைப் பற்றிச் சொன்ன குறைகள் அவரை உறுத்தின. அந்த உறுத்தலில்தான் இருபது வயதில், 1908இல், வேதாந்தத்தின் அறநெறி பற்றி எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். ஏ. ஜி. ஹாக் என்ற கிறிஸ்தவப் பேராசிரியரே அதைப் பாராட்டிச் சான்று கொடுத்தார். இந்தக் கதையை ஆசிரியர் தினத்தில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்றுதான் தெரிகிறது. உறுத்தல் வந்தவர்கள் எல்லோரும் ஆய்வுரை எழுத முடியாது. மற்றவர்கள் சும்மா இருந்துவிட்டுப் போவார்கள். அந்தச் சும்மாவைத்தான் நாம் ‘அவங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

நான் கண்டதைச் சொல்கிறேன். அடுத்தவர் பண்டிகை நடப்பது யாரையும் நோகடிப்பதில்லை. மார்கழி பஜனையும் டிசம்பர் ராத்திரி கேரல் பாட்டும் ஒரே தெருவில் கேட்டுத்தான் வளர்ந்தோம். நோகடிப்பது, விலகி நிற்கிறவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பது. அவர் வாயைத் திறந்து சொன்னால் உங்கள் சாமியை மறுத்தவர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் ஒட்டாதவர். எந்தப் பதிலும் நல்ல பதிலாக இருக்க முடியாத கேள்வியை அயல்வீட்டுக்காரரிடம் கேட்கக் கூடாது, பாப்பா.

கேரளத்தில் மூன்று பிள்ளைகள் 1985இல் பள்ளியில் தேசிய கீதம் பாடவில்லை என்று வெளியேற்றப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள், அவர்கள் நம்பிக்கை அப்படி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றதே மரியாதைதான், பாடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்பது தீர்ப்பு. தேசிய கீதத்துக்கே அப்படி என்றால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற இடத்தில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்று எண்ண நமக்கு என்ன வேலை?

“இது மதமில்லை ஆன்ட்டி, கல்ச்சர்” என்று உங்கள் கமிட்டிப் பையன் சொன்னானாம். இதை நான் ஆயுத பூஜைக்குக் கேட்டிருக்கிறேன், இப்போது பிள்ளையாருக்கும் வந்துவிட்டது. அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களைப் படிப்படியாக எடுக்கச் சொல்லி 1968இல் அண்ணா ஆட்சியில் சுற்றறிக்கை போனது. அதற்குப் பிறகும் தாலுகா ஆபீஸ் முதல் பஸ் டிப்போ வரை பொரிகடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் நடக்கிறது. தொழில் செய்கிற பொருளுக்கு மரியாதை செய்வது எனக்குப் பிடித்த பழக்கம்தான். ஆனால் ஒன்று மதமா பண்பாடா என்பதை அதைச் செய்கிறவர் தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டால், செய்யாதவருக்கு வாயே இல்லாமல் போகிறது. பொங்கல் ஒன்றுதான் ஓரளவு எல்லோருக்குமாகியிருக்கிறது. மாதாகோயில் வாசலிலும் பானை வைக்கிறார்கள். அதிலும் சூரியனைக் கும்பிடுகிற இடத்தில் தள்ளி நிற்கிறவர்கள் உண்டு.

பரம்பரை பரம்பரையாக நடப்பது என்றும் சொல்லியிருக்கிறார்கள். என் சின்ன வயசில் பிள்ளையார் என்றால் சந்தையில் வாங்கின களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, காகிதக் குடை. மூன்றாம் நாள் கிணற்றில் போடுவார்கள். புனேயில் திலகர் 1893இல் பெரிதாக்கின தெருவிழா சென்னைக்கு வந்து ஊன்றியது 1980களில். அதற்குப் பிறகு திருவல்லிக்கேணியில் மசூதி இருக்கிற தெரு வழியாக ஊர்வலம் போகலாமா என்று எத்தனை வருஷம் இழுபறி, எவ்வளவு போலீஸ். இன்று உங்கள் பக்கத்துச் சிலைகள் லாரியில் நீலாங்கரைக் கடலுக்குப் போகின்றன. புதிதாக வந்தது என்பதால் கூடாது என்று சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் பாய் வீட்டம்மா ஊர்வலத்து மேளத்தைக் கேட்கும்போது, நமக்குக் கேட்காத ஒன்றும் அவருக்குக் கேட்கும் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

சிங்கப்பூரில் இருக்கிற உன் தம்பியையே கேட்டுப் பார். அங்கே தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து 1968இல் எடுக்கப்பட்டது. காவடி எடுக்க அவன் சொந்த லீவைப் போட வேண்டும். ஊர்வலத்தில் வாத்தியத்துக்கு நெடுங்காலம் தடை இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்ந்தது. அவன் அதைப் பற்றிப் புலம்பும்போது “ஊரோடு ஒத்துப்போ” என்று நீ சொன்னதில்லை. (இங்கேயும் தைப்பூசத்துக்கு லீவு வந்தது 2021இல்தான், அது வேறு கதை.)

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. இதில் யாருக்கும் சலுகை கிடையாது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒலிபெருக்கித் தகராறு வந்து உச்ச நீதிமன்றம் போனது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்ய எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000ஆம் ஆண்டு சபைக்கு எதிராகத் தீர்ப்பு. சிறுபான்மை என்பதற்காக அவர்களை விடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்து. நாளைக்கு அதே ஹாலில் பாய் வீட்டில் நோன்பு திறக்கிற விருந்து வைக்கக் கேட்டாலும், நாலாவது மாடி கிறிஸ்தவர்கள் கேரல் வைக்கக் கேட்டாலும், இப்போது எழுதுகிற விதியை அப்படியே எடுத்து நீட்ட முடிய வேண்டும். முடியாத விதி எதையும் எழுதாதே.

அழைப்பு எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போகட்டும். அவர்களை விட்டுவிட்டு அனுப்புவது கரிசனம் மாதிரித் தெரியும், ஒதுக்கல்தான். வருகிறீர்களா என்று மட்டும் கேட்காதே. கொழுக்கட்டை கொடுப்பதென்றால் படைப்பதற்கு முன்னால் தனியாக எடுத்து வை, படைத்ததைச் சாப்பிடாதவர்கள் முஸ்லிம்களிலும் உண்டு, கிறிஸ்தவர்களிலும் உண்டு. பாய் வீட்டார் பக்ரீத் அன்று உங்களுக்குப் பழத்தட்டு அனுப்புகிறார்கள் இல்லையா, பிரியாணி அனுப்பாமல்? அதே நாகரிகம்தான். அவர்கள் வீட்டுச் சின்னப் பையன் சுண்டலுக்கு ஓடி வந்தால் கொடு. ஆனால் பந்தலிலிருந்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, அது அவன் அப்பா அம்மா பாடு.

இன்னொன்றும் செய்துவிடாதீர்கள். பாய் வீட்டுப் பெரியவர் ஒருவேளை மரியாதைக்குக் கீழே வந்தால், கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்து, போட்டோ எடுத்து, ‘நம்ம அப்பார்ட்மென்ட்டில் மத நல்லிணக்கம்’ என்று அனுப்பிவைக்கிற கூத்து. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் ஏறியபோது யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்று மேடையில் பேசவும் வேண்டாம். அது நடந்தது, நல்லதுதான் நடந்தது. இன்றைக்கு வந்திருப்பது ஒரு தீர்மானமும் கொஞ்சம் பணமும்.

பாய் வீட்டுக்குப் பதில் இன்றே எழுது. இரண்டு வரி போதும்: உங்கள் கடிதம் கிடைத்தது, மெயின்டனன்ஸ் பணம் விழாவுக்குப் பயன்படுத்தப்படாது என்று கூட்டத்தில் முன்மொழிகிறேன். புரிதலுக்கு நன்றி, பெருந்தன்மை, அது இது என்று நீட்டாதே. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பணத் தீர்மானத்தை முதலில் எடு. சீரியல் லைட்டும் பிரசாத லிஸ்டும் முதலில் வந்தால் எல்லோரும் உற்சாகத்தில் கை தூக்கிவிடுவார்கள். அந்த நாலு பேரில் சத்தமாகப் பேசுகிறவரிடம் முன்னாடியே தனியாகப் போய்ப் பேசு, சபையில் வைத்து மடக்காதே. அவருக்கும் தன் வீட்டுப் பண்டிகை நன்றாக நடக்க வேண்டும் என்பதுதான் கவலை. பந்தல் வேலையை அவரிடமே கொடு.

அன்புடன்,
பெரியம்மா