பார்த்ததும் நின்றுவிடுமா கார்?

ஒன்பதாம் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகளை நடத்தும்போது மாணவர்கள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். கொடுக்கப்பட்டவை, சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்று வரிசை தவறுவதில்லை. ஆனால் விடையாக வந்த 14 மீட்டர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறார்கள். கார் பிரேக் பிடித்து நிற்கும் தொலைவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பாடவேளை வகுப்பறையிலும் ஒன்று மைதானத்திலுமாக நடத்தினால் இந்தக் குறை தீரும்.

எங்கள் பள்ளியில் இதற்கு ஒரு காரணமும் வாய்த்தது. மாலையில் நின்றிருந்த டவுன் பஸ்ஸின் முன்புறமாகச் சாலையைக் கடந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இரண்டடி தள்ளி, எதிரே வந்த கார் ஒன்று நின்றது. அடி எதுவுமில்லை. இறங்கி வந்த ஓட்டுநரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நான் பிரேக்ல கால் வைக்கிறதுக்குள்ள வண்டியே பிடிச்சிருச்சு சார்" என்றார். பையன் சொன்னது வேறு: "அவரு என்னைப் பார்த்துட்டாரு சார், அதான் நின்னுருச்சு."

பையனின் வாக்கியத்திலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. ஓட்டுநர் பார்த்தால் வண்டி நின்றுவிடும் என்று நம் மாணவர்கள் பலரும் நம்புகிறார்கள். தாங்கள் ஓடும்போது நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதே! காலை வழிபாட்டில் சொல்லும் அறிவுரை இதை அசைப்பதில்லை. அளவு நாடா அசைக்கும்.

முதலில் அளவுகோல் சோதனை. ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, சொல்லாமல் விட வேண்டும். மற்றவர் பூச்சியக் கோட்டருகே விரல்களைத் திறந்து வைத்திருந்து பிடிக்க வேண்டும். விழுந்த தொலைவை இரண்டால் பெருக்கி, 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் நேரம் கிடைக்கும். 20 செ.மீ. விழுந்திருந்தால் ஏறத்தாழ 0.2 விநாடி. பிறகு, பிடிப்பவரிடம் 17-ஆம் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டே சோதனையை மறுபடி செய்யுங்கள். பல நேரங்களில் அளவுகோல் தரையில்தான் கிடக்கும். கைபேசியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய தேவை அதற்குப் பிறகு இருக்காது.

சாலைக் கணக்கில் 1 விநாடி என்று எடுத்துக்கொள்ளும்போது, "எங்களுக்கு 0.2 தானே வந்தது?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். அளவுகோல் விழப்போகிறது என்று தெரிந்து காத்திருந்தோம். விரலும் அருகிலேயே இருந்தது. ஓட்டுநரோ எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. கண்ணில் பட்டது சிறுவன் என்று அறிந்து, அவன் வருகிறானா நிற்கிறானா என்று முடிவுசெய்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைத்து அழுத்த வேண்டும். களைத்த ஓட்டுநருக்கு 1 விநாடிகூடப் போதாது.

இனி கணக்கு. மணிக்கு 50 கி.மீ. என்பதை 5/18 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 13.9 மீட்டர். அந்த ஒரு விநாடியில் கார் வேகம் சற்றும் குறையாமல் 13.9 மீட்டர் போய்விடுகிறது. உலர்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், முழு பிரேக் என்றால் எதிர் முடுக்கம் 7 மீ/வி² என்று கொள்ளலாம். வேகத்தின் வர்க்கத்தை எதிர் முடுக்கத்தின் இருமடங்கால் வகுக்க, 13.8 மீட்டர். மொத்தம் 27.7 மீட்டர். ஆண்கள் கபடி ஆடுகளத்தின் நீளம் 13 மீட்டர். இரண்டு ஆடுகளங்களை நீளவாக்கில் சேர்த்துப் போட்டாலும் போதவில்லை.

இதை மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் காட்டுங்கள். (சாலையில் இறங்கி அளக்க வேண்டாம்.) தொடக்கக் கோட்டில் ஒருவர், 13.9 மீட்டரில் ஒருவர், 27.7 மீட்டரில் ஒருவர். முதல் கோடு ஓட்டுநர் பார்த்த இடம், இரண்டாவது பிரேக் பிடிக்கத் தொடங்கிய இடம். மூன்றாவதில் நிற்பவர் சாலையைக் கடக்கும் மாணவர். 50-இல் வரும் கார் அவரைத் தொடாமல் நின்றுவிடும்.

அதே கார் 60-இல் வந்தால்? "கொஞ்சம் தள்ளி நிற்கும்" என்பார்கள். எங்கே நிற்கும் என்பதைவிட, மூன்றாம் கோட்டை எந்த வேகத்தில் கடக்கும் என்று கேட்பதுதான் நல்ல கேள்வி. 60 என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். பிரேக் பிடிக்குமுன்பே 16.7 மீட்டர் போயிற்று. மீதம் 11 மீட்டர். 277.8-இலிருந்து 2 × 7 × 11 = 154-ஐக் கழித்தால் 123.8. வர்க்கமூலம் 11.1. அதாவது மணிக்கு 40 கி.மீ.

ஓட்டுநர் கூட்டியது 10. மாணவர் மேல் மோதுவது 40. இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அவசரப்பட்டு அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள். வேகம் நேரத்துக்கேற்பச் சீராகக் குறைகிறது, தொலைவுக்கேற்ப அல்ல. வேகம் மிகுந்திருக்கும் தொடக்கத்திலேயே பெரும்பகுதித் தொலைவு தீர்ந்துவிடுகிறது என்பதை அவர்களே வரைபடம் போட்டுக் காணட்டும்.

இப்போது ஓட்டுநர் சொன்னதற்கு வரலாம். அந்தக் காரில் தானியங்கி அவசர பிரேக் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமராவும் முன்புற ரேடாரும் எதிரிலுள்ள பொருளின் தொலைவையும் நெருங்கும் வேகத்தையும் இடைவிடாமல் அளக்கின்றன. தொலைவை வேகத்தால் வகுத்தால் மோத இன்னும் எத்தனை விநாடி என்பது கிடைக்கும். அது மிகக் குறைந்தால், எச்சரித்து, தானே பிரேக் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம். நம் நாட்டில் சில கார்களில் மட்டுமே உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். வேறு; அது இங்கும் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம்.

இந்தக் கருவி குறைப்பது முதல் 13.9 மீட்டரைத்தான். அடுத்த 13.8 மீட்டர் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வின் கணக்கு. மழையில் எதிர் முடுக்கம் 4 ஆகக் குறைந்தால் அதுவே 24 மீட்டராகிவிடும்.

எதிரே வந்த கார் என்பதால் பையன் கேமராவுக்குத் தெரிந்தான். பஸ்ஸை முந்திக்கொண்டு வரும் காராக இருந்தால் பஸ்ஸே அவனை மறைத்திருக்கும். இதை இல்லப்பணியாகக் கொடுக்கலாம்: பஸ்ஸின் மறைவிலிருந்து ஒருவர் காருக்கு 10 மீட்டர் முன்னால் வெளிப்படுகிறார், இயந்திரம் சற்றும் தாமதிக்காமல் முழு பிரேக் பிடிக்கிறது. 40-இல் வரும் கார் 8.8 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வருவது மணிக்கு 26 கி.மீ. வேகத்தில் மோதும். எட்டாம் வகுப்புக்கு நடத்துவோர் மோதும் வேகத்தை விட்டுவிட்டு, தொலைவுகளை மட்டும் கொடுத்துக் கோடு போடச் சொன்னால் போதும்.