பாடம் 9: கடையில் ஒலிக்கும் இசை

மாணவர்களே! துணிக்கடை, மளிகைக்கடை, உணவகம் எனப் பல இடங்களில் பின்னணியில் பாட்டு ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவ்வொலி எந்த அளவில் இருத்தல் வேண்டும் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

மும்பை மாநகரின் மாட்டுங்காப் பகுதியில் தமிழர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். அங்கு ஒரு மளிகைக்கடைக்காரர், வாடிக்கையாளர் நிற்கும் இடத்துக்கு மேலே புதிய ஒலிபெருக்கியை மாட்டிப் பாட்டை உரக்க வைத்திருந்தார். ஒரு நாள் மாலை மூதாட்டி ஒருவர் வந்து, “தம்பி, அரைக் கிலோ துவரம்பருப்பு கொடு” என்றார். கடைக்காரர் ஆறு கிலோ நிறுத்துக் கட்டினார்.

மூதாட்டி திகைத்தார். “நான் கேட்டது அரைக் கிலோ அல்லவா?”

“ஆறு கிலோ என்றுதானே அம்மா என் காதில் விழுந்தது!”

“இந்த ஊரில் நான் தமிழில் கேட்டு வாங்கும் கடை இது ஒன்றுதான், தம்பி. இங்கேயும் என் பேச்சு கேட்கவில்லை என்றால் நான் எங்கே போவேன்?”

கடைக்காரர் தலைகுனிந்தார். அருகில் இருந்த அவர் மகள், “அப்பா, உங்கள் காது இந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. பாட்டி நிற்கும் இடத்தில் நின்று கேளுங்கள்” என்றாள். அவர் அங்கே சென்று நின்றார். மகள் கல்லாவிலிருந்து இயல்பான குரலில் பேசினாள். பாதிச் சொற்கள் அவருக்குக் கேட்கவில்லை. அவள் பேச்சு முழுவதும் தெளிவாகக் கேட்கும்வரை ஒலியைக் குறைத்தார். மறுநாள் ஒலிபெருக்கியையும் உட்சுவருக்கு மாற்றினார்.

இதன் காரணத்தைக் காண்போம். ஒலியின் அளவு டெசிபல் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் ஆகும். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. ஆகவே, இசை பேச்சை விடச் சற்று மிகுந்தாலும் சொற்கள் அதில் மறைந்துவிடும். இரைச்சலில் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர். இதற்கு ‘லொம்பார்டு விளைவு’ என்று பெயர். ஒருவர் குரலை உயர்த்த, மற்றவரும் உயர்த்துவதால் கடை முழுவதும் கூச்சலாகிறது.

உரத்த இசையால் விற்பனை பெருகும் எனச் சிலர் எண்ணுவர். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரு பேரங்காடிகளில் நடந்த ஆய்வு வெளியாயிற்று. உரத்த இசை ஒலித்த வேளையில் மக்கள் விரைவில் வெளியேறினர். விற்பனையோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000) வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன.

ஒலியளவை ஒருமுறை அமைத்துவிட்டால் போதாது. காலையில் கடை வெறிச்சோடியிருக்கும்போது சிறிய ஒலியும் பெரிதாகக் கேட்கும். துணிகள் ஒலியை உள்வாங்கும்; கண்ணாடியும் ஓடு பதித்த தரையும் அதை எதிரொலிக்கும். பெரிய ஒலிபெருக்கி ஒன்றை அலறவிடுவதினும், சிறியவை சிலவற்றைப் பரவலாக வைத்து மெல்ல இசைக்கச் செய்வது நன்று. கடைக்கு வருபவர் குரலை உயர்த்தாமல் பேச இயலுமாயின், அதுவே சரியான அளவு.

சொற்பொருள்
மூதாட்டி – வயது முதிர்ந்த பெண்
கல்லா – கடையில் பணம் வாங்கும் இடம்
வரம்பு – எல்லை

வினாக்கள்
1. மூதாட்டியின் வருத்தத்துக்குக் காரணம் யாது?
2. கடைக்காரர் சரியான ஒலியளவை எவ்வாறு கண்டறிந்தார்?

மொழிப்பயிற்சி
பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க: அரை – அறை, கரை – கறை.

செயல்பாடு
வீட்டில் பாட்டை ஒலிக்கச் செய்து, பெரியவர் ஒருவருடன் இயல்பான குரலில் தமிழில் உரையாடுக. எந்த அளவில் இருவர் பேச்சும் தெளிவாகக் கேட்டது என ஐந்து வரிகளில் எழுதுக.