சிவப்பு இறாலுக்குப் பழுப்புக் குஞ்சா?



வண்ணமீன் தொட்டியோடு செர்ரி இறால் தொட்டியும் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் இந்தச் சந்தேகம் வரும். “தாய் இறால் நல்லா ரத்தச் சிவப்பா இருக்கு. குஞ்சு மட்டும் ஏன்க்கா கண்ணாடி மாதிரி இருக்கு? நம்மள ஏமாத்தி வித்துட்டாங்களோ?”

சுரை போட்டால் அவரை முளைக்குமா என்பார்கள். ஆனால் இறால் தொட்டியில் அப்படி முளைத்தது போலத்தான் தெரியும். காரணம் தெரிந்துகொண்டால் பயம் இல்லை, நட்டமும் குறையும்.

செர்ரி இறாலின் முன்னோர்கள் சீனா, தைவான் பக்கத்து ஓடைகளில் வாழ்பவை. அவற்றின் இயற்கை நிறம் மங்கலான பழுப்பு. அதில் அபூர்வமாகத் தோன்றிய சிவப்பு இறால்களைப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்ததால்தான் இன்று கடையில் சிவப்பு கிடைக்கிறது. மஞ்சள், நீலம் வகைகளும் இப்படி உண்டானவையே. பழைய பழுப்பு நிறம் உள்ளுக்குள் ஒளிந்தே இருக்கிறது.

குஞ்சு நிறம் மாறினால் வரிசையாகப் பாருங்கள்:

1. வயது: பொரித்த குஞ்சு சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், நிறமும் இருக்காது. வளர வளரத்தான் நிறம் ஏறும். 2 மாதமாவது பொறுங்கள்.

2. ஆணா, பெண்ணா: ஆண் இறால் சிறியது, மெலிந்தது, நிறமும் வெளிறியது. பெண்ணுக்கு வயிற்றுப் பக்கம் அகலமாக, நிறம் அடர்த்தியாக இருக்கும். ஆணைப் பார்த்து, ‘தரம் போச்சு’ என்று நினைக்க வேண்டாம்.

3. தொட்டியும் தீனியும்: வெள்ளைத் தரையில் இறால் வெளிறும், கறுப்பு மணல் போட்டால் நிறம் தூக்கும். புதிய தொட்டிக்கு மாற்றிய சில நாட்களும் வெளிறித்தான் இருக்கும். சிவப்பு நிறத்துக்கான சத்தை இறால் தானே உண்டாக்காது. பாசி, ஸ்பைருலினா, வேகவைத்த கேரட், கீரை என்று தீனியில்தான் கிடைக்க வேண்டும். மருந்து தெளித்த கீரையைப் போட்டால் தொட்டியே காலியாகிவிடும், ஜாக்கிரதை.

4. நோய்: உள்சதை பால்போல் வெளுத்திருந்தால் அது நிறமாற்றம் அல்ல, நோயாக இருக்கலாம். உடனே தனியாக எடுத்து வையுங்கள். தாமிரம் கலந்த மீன் மருந்து இறாலைக் கொன்றுவிடும். செம்புப் பாத்திரமும் வேண்டாம்.

5. வம்சம்: மேலே சொன்ன நான்கும் இல்லை என்றால் காரணம் இதுதான். அம்மா அப்பா இருவருக்கும் இல்லாத பூனைக்கண் பேத்திக்கு வந்தால், “பாட்டி கண்ணு” என்று சொல்கிறோம் இல்லையா? அதேபோல் தாய், தகப்பன் இரண்டும் ஒரே குணத்தை மறைத்து வைத்திருந்தால், சராசரியாக நான்கு குஞ்சில் ஒன்றுக்கு அது வெளியே வரும். 24 குஞ்சில் 6 குஞ்சு வேறு நிறமாக வந்தால் ஆச்சரியம் இல்லை. விற்றவர் ஏமாற்றியதாகவும் ஆகாது.

ஆனால் ஒரு நிறமாற்றம் நம் கையால் வருவது. தொட்டிச் செலவு மிச்சம் என்று சிவப்பையும் நீலத்தையும் ஒன்றாக விடுகிறோம். புது நிறம் வரும் என்ற ஆசை வேறு. வருவது பெரும்பாலும் பழுப்புதான்! ஒரு தாய் 20 முதல் 30 முட்டை வரை சுமக்கும், 3 முதல் 4 வாரத்தில் பொரிந்துவிடும். சில மாதத்தில் தொட்டி முழுக்கக் கலப்பாகிவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

என்ன செய்யலாம்?

ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் என்று வையுங்கள். வலையையும் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் முன் உதறிப் பாருங்கள், குஞ்சு ஒட்டியிருக்கும். நிறம் மாறியதை வளர்ந்த பிறகு பொறுக்கி, ‘கலப்புத் தொட்டி’ என்று தனியாக விடுங்கள். நல்ல நிறமுள்ள பெண்களையும், இருப்பதில் நிறம் கூடிய ஆண்களையும் தாய்த் தொட்டிக்கு ஒதுக்குங்கள். நல்லதையெல்லாம் முதலில் விற்றுவிட்டால் அடுத்த தலைமுறை மங்கிவிடும். விதை நெல்லை விற்றுச் சாப்பிடலாமா? எந்தத் தொட்டி, எப்போது பொரித்தது, எத்தனை நிறம் மாறியது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

கலப்பு இறாலைக் கலப்பு என்று சொல்லியே விற்க வேண்டும். பாசி தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் வேலையை அதுவும் செய்யும், வாங்குவோர் உண்டு. சிவப்போடு கலந்து கொடுத்தால் இன்று காசு வரும். வாங்கியவர் தொட்டியில் பழுப்புக் குஞ்சு பொரித்ததும் குழுவின் பெயர் கெடும். கடனை அடைக்க வேண்டியது அடுத்தடுத்த விற்பனையில்தானே!

வேண்டாத இறாலைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அயல்நாட்டு உயிர் நம் நீர்நிலையில் பெருகினால் திரும்பப் பிடிக்க முடியாது.

குழுக் கூட்டத்தில் பேச:

* நம் தொட்டிகளில் எத்தனை நிறம் ஒன்றாக இருக்கிறது?
* தாய் இறாலுக்கென்று தனித் தொட்டி யாரிடம் இருக்கிறது?
* கலப்பு இறாலுக்குக் குழுவாக ஒரே விலை வைக்கலாமா?

பேசி முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் சகோதரிகளே.